அரட்டையின் கதை – 9: ஒரு பெயர், இரண்டு ஆள்

ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை நிரலில் ஆரம்பத்தில் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. உள்ளே நுழையும்போது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாரும் அதை வைத்திருக்காவிட்டால் கிடைத்துவிடும். வெளியேறிய மறுநொடி அது பொதுச்சொத்து. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இன்னொருவர் அதே பெயரில் உங்கள் நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். விதிப்படி அதில் குற்றம் எதுவும் கிடையாது. நம்மூர்ப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தால் அதற்காவது ஒரு மரியாதை உண்டு. இங்கே துண்டு செல்லாது. உட்கார்ந்திருக்கும் வரைதான் இடம்.

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்ட் இறுதியில் யார்க்கோ ஓய்க்கரினென் இந்த நிரலை ஓடவிட்ட கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஔலுபாக்ஸ் என்ற தகவல் பலகையில் இருந்த பழைய அரட்டை நிரல் ஒன்றுக்கு மாற்றாக எழுதப்பட்டது அது. பதிவேடு, கடவுச்சொல் என்று எதையும் அவர் வைக்கவில்லை. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த சிறு கூட்டம் அது; அங்கே பெயர் என்பது கூப்பிடத்தான், நிரூபிக்க அல்ல. ஆனால் நிரல் ஔலுவோடு நிற்கவில்லை. ஹெல்சிங்கிக்கும் தாம்பரேவுக்கும் போனது. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் எட்டியது. அந்த இரண்டு இடங்களுக்கும் நிரல் போய்ச்சேரக் காரணமானவர் விஜய் சுப்பிரமணியம் என்ற நண்பர் என்றும், பின்லாந்துக்காரர் அல்லாத முதல் ஐ.ஆர்.சி. பயனர் அவர்தான் என்றும் ஓய்க்கரினெனே பின்னாளில் எழுதிய குறிப்பில் சொல்கிறார்.

நிக் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொன்ன இந்தப் பெயரில் அப்போது 9 எழுத்துக்கு மேல் கூடாது. முதல் எழுத்து இலக்கமாக இருக்கக்கூடாது. 1993 மே மாதம் ஓய்க்கரினெனும் ஆஸ்திரேலியாவின் டேரன் ரீடும் சேர்ந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணத்தில் இந்த விதிகள் எழுத்தில் வந்தன. அதில் பின்லாந்து வாசனை வீசும் விதி ஒன்றும் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நிக் பார்க்காது என்பது பொதுவான விதிதான். அதோடு, சதுர அடைப்புக்குறியும் நெளி அடைப்புக்குறியும்கூட ஒன்றே என்று அந்த ஆவணம் சொல்கிறது. காரணம் எளிது. அந்தக்காலப் பின்லாந்துக் கணினிகளில் அந்தக் குறிகள் உட்கார்ந்த இடங்களில் அவர்களுடைய புள்ளி வைத்த ‘A’வும் வளையம் வைத்த ‘A’வும் இருந்தன. சதுரக் குறியின் இடத்தில் பெரிய எழுத்து, நெளி குறியின் இடத்தில் சிறிய எழுத்து. ஆகவே சதுர அடைப்புக்குறி போட்டு அலங்கரித்த நிக்கை ஒருவர் வைத்திருந்தால், நெளி அடைப்புக்குறியில் அதே நிக்கைக் கேட்கும் அமெரிக்கருக்கு ‘அது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று 433 என்ற எண்ணோடு பதில் வந்தது. அவர் ஏன் என்று புரியாமல் விழித்திருப்பார்.

பெயர் இப்படி நிலையில்லாதது என்றால் ஆளை எதை வைத்து அறிந்தார்கள்? முகவரியை வைத்து. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உங்கள் நிக், ஒரு ஆச்சரியக்குறி, கணினியில் உங்கள் பயனர் பெயர், ஒரு @ குறி, அந்தக் கணினியின் முழுப்பெயர் என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். ‘ஹூஇஸ்’ என்று கேட்டால் எவருக்கும் அது தெரியும். 1990ஆம் ஆண்டையொட்டி அங்கே பேசியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக யூனிக்ஸ் கணினிகளில் கணக்கு வைத்திருந்த மாணவர்களும் ஊழியர்களும்தான். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறையின் கணினி என்பது அந்த வாலைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஒருவர் தொல்லை கொடுத்தால் அவருடைய கணினி நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சானல் என்ற அரட்டை அறையை விட்டு விலக்கி வைக்கும் தடையும் முகவரியின் மேல்தான் விழும். நிக்கை மாற்றிக்கொண்டு வந்தாலும் கதவு திறக்காது. ஐ.ஆர்.சி.யை முகமூடிகளின் உலகம் என்று இன்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முகமூடி இருந்தது, அதன் பின்பக்கத்தில் வீட்டு விலாசமும் எழுதியிருந்தது.

இந்த நம்பிக்கை முழுக்க யூனிக்ஸ் நிர்வாகியின் தோளில் நின்றது. ஐடெண்ட் என்ற ஏற்பாடு அதன் உச்சம். நீங்கள் இணைந்தவுடன் ஐ.ஆர்.சி. சர்வர் உங்கள் கணினியைத் திரும்பக் கூப்பிட்டு, ‘இந்த இணைப்பு உன்னிடத்தில் யாருடையது?’ என்று கேட்கும். கணினி சொல்லும் பதில்தான் உங்கள் பயனர் பெயர். பதில் வராவிட்டால், நீங்களாகச் சொன்ன பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோட்டைப் போட்டுவிடும். ‘இதற்கு நான் பொறுப்பில்லை’ என்று பொருள். ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் பல்கலைக்கழகக் கணினியில் இது சரி. வீட்டில் விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்கு நிர்வாகி யார்? அவரேதான். 1995 பிப்ரவரியில் காலித் மர்தம்-பே வெளியிட்ட எம்.ஐ.ஆர்.சி. நிரல் விண்டோஸ்காரர்களைக் கூட்டம் கூட்டமாக ஐ.ஆர்.சி.க்குக் கொண்டுவந்தது. ஐடெண்ட் கேள்விக்குப் பதில் சொல்லும் வசதியும் அதற்குள்ளேயே இருந்தது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டத்துக்குள் நீங்களே தட்டச்சு செய்துகொள்ளலாம். வாதியும் சாட்சியும் ஒரே ஆள்.

இனி, மோதலுக்கு வருவோம்.

ஐ.ஆர்.சி. ஒரே சர்வரில் ஓடுவதல்ல. நாடுகள் தோறும் இருக்கும் சர்வர்கள் மரக்கிளைபோல ஒன்றோடொன்று இணைந்து ஒரே வலையாகின்றன. எந்த இரண்டு சர்வர்களுக்கு இடையிலும் ஒரே ஒரு பாதைதான் இருக்க முடியும், சுற்றுப்பாதைக்கு இடமில்லை. நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் வலை இரண்டாகப் பிளந்துவிடும். இதற்கு நெட்ஸ்ப்ளிட் என்று பெயர். ஒரு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மறுபக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போனதுபோல் தெரியும். நூறு பேர் இருந்த அறையில் திடீரென்று நாற்பது பேர். அட்லாண்டிக்கைக் கடக்கும் கம்பிகள் மெலிந்து கிடந்த அந்த வருடங்களில் இது தினசரி நிகழ்வு.

பிளந்திருக்கும் நேரத்தில் ஐரோப்பியப் பக்கத்தில் ஒருவர் ஒரு நிக்கை வைத்திருக்கிறார். அமெரிக்கப் பக்கத்தில் அந்த நிக் காலியாகிவிட்டதாகவே கணக்கு. யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார். பிறகு இணைப்பு சரியாகிறது. இரண்டு சர்வர்களும் தங்கள் ஆட்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று படிக்கின்றன. ஒரே நிக்கில் இரண்டு பேர். யாருடையது உண்மையானது? தீர்ப்புச் சொல்ல சர்வரிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆர்.எஃப்.சி. 1459 சொல்லும் தீர்வு கறாரானது: இரண்டு பேரையும் தூக்கு. அந்தக் கட்டளையின் பெயரே ‘கில்’. திரையில் 436 என்ற எண், நிக் மோதல் என்ற அறிவிப்பு, அவ்வளவுதான், இருவரும் வெளியே.

நியாயம் தெரியாதபோது இருவரையும் தண்டிக்கும் இந்த விதியில், கெட்டிக்காரக் குறும்பன் பார்க்கும் வாய்ப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. எனக்குப் பிடிக்காதவரை வெளியேற்ற எனக்கு அதிகாரம் வேண்டாம். ஸ்ப்ளிட் வரும்வரை காத்திருந்து, மறுபக்கத்துச் சர்வரில் ஏறி, அவர் பெயரை நான் வைத்துக்கொண்டால் போதும். இணையும்போது வலையே அவரைக் கொன்றுவிடும். நானும் சாவேன், ஆனால் நான் அனுப்பியது ஒரு நிரலை, அதற்கு வலிக்காது.

ஐ.ஆர்.சி.யின் முதல் பெரிய பிளவே இதனால்தான் வந்தது. 1990இல் பெர்க்லியில் எரிஸ் என்ற கணினி எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் யாருடைய சர்வரையும் வலையில் இணைய அனுமதித்தது. எரிஸ் கிரேக்கப் புராணத்தில் கலகத்தின் தெய்வம். பெயர் வைத்தவர் ஜோசியம் பார்த்து வைத்திருக்க வேண்டும். கண்டவர்களும் அதன் வழியே சர்வர்களை மாட்டி, பிறர் நிக்குகளோடு மோதி விளையாடினார்கள். க்ரெக் லிண்டால் என்ற நிர்வாகி எரிஸை ஒதுக்கிவைக்கும் வரியைத் தன் சர்வரில் எழுதினார், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எரிஸை ஒதுக்கியவர்களின் வலை, எரிஸ் இல்லாத வலை என்ற பொருளில், ஈ.எஃப்.நெட் ஆனது. எரிஸோடு நின்றவர்களின் ஏ-நெட் விரைவில் காணாமல் போயிற்று. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு, பேச்சுவழக்கில் ஐ.ஆர்.சி. என்றால் பெரும்பாலும் ஈ.எஃப்.நெட்தான்.

ஆனால் மோதல் நிற்கவில்லை, தொழிலாக வளர்ந்தது. அதற்குக் காரணம் சானல்கள். பெயரைப் போலவே சானலும் யாருக்கும் சொந்தமில்லை. காலியான சானலில் முதலில் நுழைபவருக்கு @ குறி கிடைக்கும், அவர்தான் ஆப். மற்றவரை வெளியே தள்ள, கதவைச் சாத்த, இன்னொருவருக்கு @ கொடுக்க அவரால் முடியும். ஸ்ப்ளிட்டில் ஆள் நடமாட்டமில்லாத பக்கத்துக்குப் போனால் நூறு பேர் சானலும் அங்கே காலியாக இருக்கும். நுழைந்தால் நீங்கள் ஆப். இணையும்போது அந்த @ குறியோடு உள்ளே வருவீர்கள். பழைய ஆப்கள் அத்தனை பேரின் நிக்குகளையும் மோதவிட்டு ஒரே வீச்சில் காலி செய்துவிட்டால் சானல் உங்கள் கையில். இதற்கென்றே ஸ்ப்ளிட்டை மோப்பம் பிடிக்கும் நிரல்கள் எழுதப்பட்டன. எதிர்த்தரப்பில் காவல் நிரல்கள். 1993 டிசம்பரில் ராபி பாயின்டர் எழுதிய எக்டிராப் அவற்றில் புகழ்பெற்றது, ஈ.எஃப்.நெட்டில் ஓர்பால் ஈர்ப்புள்ள இளையோருக்கான சானல் ஒன்றைக் காக்கத்தான் அது முதலில் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட சானலைக் கைப்பற்றிக் கலைப்பதில் சிலருக்கு என்ன இன்பம் இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

பதிவேடு ஒன்று வைத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டவர்கள் இல்லாமலில்லை. ஜெர்மனியில் ஆர்மின் க்ரூனர் எழுதிய நிக்சர்வ் 1990களின் தொடக்கத்தில் ஓடியது. நிக்கை அதனிடம் பதிந்து வைக்கலாம். வேறொருவர் அதே நிக்கோடு வந்தால், ‘இது இன்னொருவர் பதிந்தது, மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று அவரிடம் சொல்லும். சொல்லும், அவ்வளவே. தடுக்காது. வற்புறுத்திப் பிடுங்கும் அதிகாரத்தை ஒரு நிரலிடம் கொடுக்க ஈ.எஃப்.நெட் நிர்வாகிகளுக்குக் கடைசிவரை மனமில்லை. இன்றுவரைக்கும் அங்கே பெயர்ப் பதிவு கிடையாது. 1994இல் தனியே கிளம்பிய டால்நெட்தான் பற்களுள்ள நிக்சர்வை வைத்தது: கடவுச்சொல் சொல், இல்லாவிட்டால் நிக்கை விடு. நீளத்தையும் 9இலிருந்து 30 எழுத்தாக்கியது. வலைக்கு வந்த பெயரே அதன் நிறுவனர் வைத்திருந்த டால்வென்ஜா என்ற நிக்கிலிருந்துதான். பெயருக்கு உரிமை கொடுத்த முதல் பெரிய வலை ஒரு பெயரிலிருந்தே பிறந்தது பொருத்தம்தான்.

பதிவேடு வேண்டாம், மோதலும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன வழி? இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. தொழில்நுட்ப நுணுக்கமாகத் தெரியும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஈ.எஃப்.நெட் உடைந்தது. அதனால் சற்று நின்று பார்க்கலாம்.

முதல் வழி நேரமுத்திரை. 1992இல் தனியாகக் கிளம்பிய அண்டர்நெட்டில் இது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஒரு நிக்கை எந்த நொடியில் எடுத்தீர்கள் என்பதைச் சர்வர் குறித்துக்கொள்ளும். மோதும்போது மூத்தது நிற்கும், இளையது சாகும். முந்தியவருக்கு முன்னுரிமை. இதில் ஓர் அழகான விலக்கும் உண்டு. மோதும் இருவருடைய பயனர் பெயரும் கணினியும் ஒன்றாகவே இருந்தால் தீர்ப்பு தலைகீழாகும்: மூத்தது சாகும், இளையது நிற்கும். ஏன்? இணைப்பு அறுந்துபோனவரின் உயிரற்ற பிம்பம் சர்வரில் சிறிது நேரம் நின்றுகொண்டிருக்கும். அதைப் பேய் என்றே அழைத்தார்கள். திரும்பி வரும் மனிதர் தன் பேயோடேயே பெயருக்கு மல்லுக்கட்ட வேண்டும். அந்தக் காலத்து நிக்குகளின் வாலில் ஓர் அடிக்கோட்டை அடிக்கடி பார்க்கலாமே, அது பேய் சாகும்வரை உடுத்திக்கொண்ட மாற்றுடை. ஒரே முகவரியிலிருந்து இருவர் மோதினால் ஒன்று பேய், மற்றது ஆள். புதிதாக வந்தது ஆளாகத்தான் இருக்கும் என்று நேரமுத்திரை எழுதியவர்கள் கணித்தார்கள். இரண்டும் ஒரே நொடி என்றால் மட்டும் பழைய தீர்ப்பு, இருவருக்கும் சாவு.

இரண்டாவது வழி தாமதம். ஸ்ப்ளிட்டில் காணாமல் போனவரின் நிக்கைச் சிறிது நேரம் பூட்டி வைப்பது. அதற்குள் யார் கேட்டாலும், ‘இப்போதைக்குக் கிடைக்காது’. சானலுக்கும் அப்படியே. எடுக்கவே முடியாவிட்டால் மோதல் எப்படி வரும்?

ஐரோப்பிய நிர்வாகிகளில் பெரும்பாலோர் தாமதத்தை விரும்பினார்கள். அமெரிக்கர்கள் நேரமுத்திரையை. இரண்டு பக்கமும் குறை சொல்ல விஷயம் இருந்தது. நேரமுத்திரை சரியாக வேலை செய்ய உலகத்துச் சர்வர்கள் அத்தனையின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். தவிர, அது சர்வரின் வாய்ச்சொல்லை நம்புகிறது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கும் நிர்வாகி எவரையும்விட மூத்தவராகிவிடலாம். தாமதத்தின் பலவீனம் வேறு: ஸ்ப்ளிட் பூட்டைவிட நீண்டால் பூட்டு திறந்துகொள்ளும், மோதல் அப்படியே இருக்கும். என் கணிப்பில் இது கணினிச் சண்டை மட்டுமல்ல. தாமதம் குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்ளப் பார்க்கிறது. அதற்காக அப்பாவிகளையும் கொஞ்சம் காக்கவைக்கிறது. நேரமுத்திரை யாரையும் காக்கவைப்பதில்லை, வழக்கு வந்தபின் தீர்ப்புச் சொல்கிறது. இரண்டில் எது ஒருவருக்குப் பிடிக்கும் என்பதை அவருடைய கம்பி எத்தனை முறை அறுந்தது என்பதும் முடிவு செய்திருக்கும்.

நிர்வாகிகளுக்குச் சானல்களில் எவ்வளவு அதிகாரம், யார் எந்தச் சர்வரை இணைக்கலாம் என்ற பழைய புகைச்சல்களும் இதில் சேர்ந்துகொண்டன. 1996 ஜூலையில் பேச்சுவார்த்தை முறிந்தது. ஐரோப்பியச் சர்வர்களில் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் பிரிந்து ஐ.ஆர்.சி.நெட் ஆயின. அமெரிக்கர்கள் ஈ.எஃப்.நெட் என்ற பெயரோடு தங்கிவிட்டார்கள். ஐ.ஆர்.சி. மூத்தவர்கள் இதை இன்றும் பெரும்பிளவு என்றுதான் சொல்கிறார்கள். இணைந்தால் மோதும் என்பதற்காக நடந்த சண்டை, இனி இணையவே இணையாத ஒரு ஸ்ப்ளிட்டில் முடிந்தது. அன்றைக்கு ஒரு நிக்கை வைத்திருந்தவரின் பெயரை அட்லாண்டிக்குக்கு மறுபுறம் இன்னொருவர் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். பல வருடம் ஒரே அறையில் பேசியவர்கள் இரண்டு நிரல் சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வலைகளிலும் உட்கார்ந்தார்கள்.

ஐ.ஆர்.சி.நெட் மோதலுக்கு முழுத் தீர்வைப் பின்னாளில்தான் கண்டது. 2000களில் வந்த அதன் சர்வர் நிரலில், இணையும் ஒவ்வொருவருக்கும் இலக்கத்தில் தொடங்கும் ஓர் அடையாளக் குறியீட்டைச் சர்வரே கொடுத்துவிடும். இருவர் மோதினால் எவரும் சாக வேண்டாம். இருவருடைய நிக்கும் பறிக்கப்பட்டு அவரவர் குறியீடே நிக்காகும். நிக் இலக்கத்தில் தொடங்கக்கூடாது என்ற ஓய்க்கரினென் காலத்து விதி இங்கே கைகொடுத்தது. மனிதர் எவரும் அப்படியொரு பெயரை வைத்திருக்க முடியாது என்பதால் அந்தக் குறியீட்டோடு மோத ஆளே இல்லை.

இந்த எளிய யோசனைக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது ஆச்சரியம்தான். ஏனென்றால் பெரும்பிளவு நடந்த அதே 1996இல், நான்கு மாதம் கழித்து, டெல் அவீவில் மிராபிலிஸ் என்ற சிறு நிறுவனத்தின் நான்கு இளைஞர்கள் ஐ.சி.க்யூ. என்ற நிரலை வெளியிட்டார்கள். ஓய்க்கரினெனுக்கு இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது, எல்லோரும் வந்து பதிந்துகொள்ளும் ஒரே மையம். அங்கே பெயரை யார் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்தது, பத்தாயிரம் பேர் ஒரே பெயரில் இருக்க முடிந்தது, யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நிறுவனம் கொடுத்தது ஓர் எண் மட்டும். பதிந்த வரிசையில் எண் கூடிக்கொண்டே போனது. மோதலே கிடையாது.

எண்ணுக்குப் போய் யார் ஆசைப்படுவார்கள் என்று அந்த நால்வரும் நினைத்திருக்கலாம். ஆறு இலக்க எண்ணைத் திருடுவதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்பியதையும், அதற்கு விலை வைத்துச் சந்தை நடந்ததையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)